நகரத்தில் வேலை, வெளியூரில் வீடு: இருமுறை ஊர் மாறிய அனுபவம்

எனக்கும் என் கணவருக்கும் வேலை நகரத்தில்தான். ஆனால் நான்கு பேர் தாராளமாகப் புழங்கக்கூடிய வீடு என்பது அங்கே எங்கள் வருமானத்துக்கு எட்டாததாகவே இருந்தது. மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். மகனுக்கு ஒன்றரை வயது. ஒரே படுக்கையறையில் நால்வரும் படுத்து, ஒருவர் இருமினால் நால்வரும் விழித்துக்கொள்ளும் நிலையில் ஒன்றரை ஆண்டை ஓட்டிய பிறகு, ரயிலில் போய்வரக்கூடிய தொலைவில் வாடகை குறைந்த ஓர் ஊருக்குக் குடிபெயர்வது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஊரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் தவறாகிவிட்டது. 19 மாதங்களில் மறுபடியும் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறோர் ஊருக்கு மாற வேண்டியதாயிற்று. இந்த இரண்டாவது ஊரில் இப்போது ஆறாவது ஆண்டு நடக்கிறது. சிறு குழந்தைகளோடு இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், எங்கே பிசகினோம், இரண்டாம் முறை எதையெல்லாம் பார்த்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதல் ஊரைப் பார்க்கப் போனது ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில். ரயிலில் கூட்டமே இல்லை. மகளை ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு போனோம். ஊர் அமைதியாக இருந்தது. வீட்டில் 3 அறைகள், எல்லா அறைகளிலும் நல்ல வெளிச்சம், பின்புறம் துணி உலர்த்த இடம். வாடகையோ நாங்கள் நகரத்தில் கொடுத்துவந்ததில் பாதிக்குச் சற்றே மேல். கால அட்டவணையில் பயண நேரம் 52 நிமிடம் என்று போட்டிருந்தது. அந்த எண்ணை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டோம். வேலை நாளில் ஒருமுறைகூட அந்த ஊரிலிருந்து கிளம்பிப் பார்க்கவில்லை. அதற்கு ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தால் போதும் என்று நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

குடிவந்த மூன்றாவது மாதத்தில், ஏன் எப்போதும் களைத்தே இருக்கிறோம் என்று புரிந்துகொள்வதற்காக ஒரு குறிப்பேடு வைத்தேன். 10 வேலை நாட்கள், கதவைப் பூட்டும் நேரம், நடைமேடையில் கால் வைக்கும் நேரம், ரயில் வந்த நேரம், நகரத்தில் இறங்கிய நேரம், பேருந்து ஏறிய நேரம், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த நேரம் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். சராசரி எடுத்தபோது வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போய்ச்சேர 18 நிமிடம், ரயிலைத் தவறவிடக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது 9, ரயிலில் 57, நகரத்தில் பேருந்துக்காக நிற்பது 8, பேருந்துப் பயணம் 14. ஆக மொத்தம் 106 நிமிடம். அந்த 10 நாட்களில் மிக மோசமான நாள் 145 நிமிடத்தைத் தொட்டது. நாங்கள் நம்பிய 52 என்பது இந்த மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு முன் நகரத்து வீட்டிலிருந்து எனக்கு 35 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வழிக்குக் கூடுதலாக 71 நிமிடம். போக வர 142. ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்று கொண்டால் ஏறக்குறைய 520 மணி நேரம், அதாவது 8 மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 65 நாட்கள். இது என் ஒருத்தியின் கணக்கு மட்டுமே. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதி, சமையலறை மேடையில் வைத்துவிட்டு, நெடுநேரம் நாங்கள் இருவரும் எதுவும் பேசாமல் நின்றுகொண்டிருந்தோம்.

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நடந்து போன காலமானாலும் கார் ஓட்டும் காலமானாலும் மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக 1 மணி நேரத்தைச் சுற்றியே நிற்கிறது என்றார். வாகனம் வேகமாக ஆக, வீடு தள்ளிப் போகிறதே தவிர நேரம் மிச்சமாவதில்லை. அந்த அளவுகோலில் நான் மூன்றரை மடங்கு மேலே இருந்தேன். உடம்பு அதைத் தாங்கவில்லை என்பதில் வியப்பில்லை.

குறிப்பேடு இன்னொன்றையும் காட்டியது. சராசரி நாள் எங்களை அவ்வளவாகச் சிரமப்படுத்தவில்லை; பிசகிய நாட்களே சிரமப்படுத்தின. பயணத்தில் எத்தனை கண்ணிகள், அதாவது ஏறி இறங்கும் கட்டங்கள், இருக்கின்றன என்பதில்தான் இது அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் 10 நாளில் 9 நாள் ஒழுங்காக நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ரயிலில் ஏறி இறங்கினால் வேலை முடிந்துவிடும் என்பவருக்கு மாதத்தின் 20 வேலை நாட்களில் 2 நாள் பிசகும். ஒரு பேருந்து, ஒரு ரயில், மறுபடி ஒரு பேருந்து என்று மூன்றைக் கோத்துப் போகிறவருக்கு 0.9-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், விடை 0.73 அளவில் வரும். அவருக்கு 20 நாளில் 5 அல்லது 6 நாள் ஏதாவது ஒன்று தவறும். அதாவது வாரம் தவறாமல் ஒரு நாளாவது குழந்தைகள் காப்பகத்துக்குத் தாமதமாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்பதற்கு முன், எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்று கேளுங்கள்.

எங்களை உலுக்கிய நாள் ஒன்று உண்டு. காலை 11:20-க்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. கணவர் அன்று வெளியூர் போயிருந்தார். உடனே கிளம்பி நிலையத்துக்கு ஓடினேன். காலையிலும் மாலையிலும் 15 நிமிடத்துக்கு ஒன்று என்று ஓடும் ரயில், நடுப்பகலில் மணிக்கு ஒன்றுதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்த ரயில் 12:05-க்கு. பள்ளியை அடைந்தபோது 1:30 ஆகிவிட்டது. அலுவலக அறையின் நீள இருக்கையில், புத்தகப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, அங்கு வேலை செய்யும் அம்மா ஒருவரின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலணிகளின் கயிறு இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வந்தவுடன் கிளம்பிவிட வேண்டும் என்று தானே கட்டிக்கொண்டாளாம். என்னைப் பார்த்ததும் அழவில்லை. “ரயில் இல்லையாம்மா?” என்று மட்டும் கேட்டாள். 7 வயதுக் குழந்தைக்கு அந்தக் கால அட்டவணை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பெற்றோரில் ஒருவராவது, நாளின் எந்த நேரத்திலும், பள்ளியை 40 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், அல்லது பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவர உரிமையும் மனமும் உள்ள ஒருவர் அதே ஊரில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுகூட இல்லாத ஊர், மற்ற எல்லாம் பொருந்தினாலும், குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தாது. இதை நான் இப்போது விதியாகவே வைத்திருக்கிறேன். கால அட்டவணையைப் பார்க்கும்போது காலை 8 மணி வரிசையைப் பார்க்காதீர்கள். 11 மணி முதல் 3 மணி வரையிலான வரிசையையும், இரவின் கடைசி ரயிலையும் பாருங்கள்.

பணக் கணக்கும் நாங்கள் நினைத்ததுபோல் இல்லை. நகரத்தில் வாடகைக்கு எங்கள் வருமானத்தில் 41 விழுக்காடும் பயணத்துக்கு 5 விழுக்காடும் போய்க்கொண்டிருந்தன. புதிய ஊரில் வாடகை 23 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் பயணம் 17-க்கு ஏறியது. இருவருக்கும் மாதச் சீட்டு, போக வர எனக்குப் பேருந்து, நிலையத்துக்குப் போய்வர ஒரு வண்டி, அதன் தவணை, எரிபொருள், காப்பீடு, பழுது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது அது. காப்பகத்தில் மாலை கூடுதல் நேரம் மகனை வைத்துக்கொள்வதற்கு இன்னொரு 3 விழுக்காடு. முன்பு 46, இப்போது 43. இந்த 3 விழுக்காட்டு மிச்சத்துக்காகவே அந்த 520 மணி நேரம். சிகாகோவில் இயங்கும் சென்டர் ஃபார் நெய்பர்ஹூட் டெக்னாலஜி என்னும் அமைப்பு, ஓர் ஊர் கட்டுப்படியாகுமா என்பதை வாடகையை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது, வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. எல்லோருக்கும் அந்த எண் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டும் பழக்கத்தை அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். தரகர் வாடகையை மட்டுமே சொல்வார். கூட்டல் நம் பொறுப்பு.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு, அதைக் கேட்கப் பலரும் தயங்குகிறோம்: தொலைவின் பாரம் யார் தலையில் விழுகிறது? என் கணவரின் அலுவலகம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருந்ததால் அவருக்கு 84 நிமிடம்; எனக்கு 106. வீட்டுக்கு முதலில் வருகிறவர் சமைக்கிறார், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறார், வீட்டுப்பாடம் பார்க்கிறார். கடைசியாக வருகிறவர் தூங்கும் குழந்தைகளைப் பார்க்கிறார். இரண்டுமே மனத்தை அரிக்கும். ஸ்வீடனின் ஊமியோ பல்கலைக்கழக ஆய்வாளர் எரிக்கா சாண்டோ 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்காக நெடுந்தொலைவு பயணம் செய்பவர்கள் உள்ள தம்பதிகளிடையே பிரிவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 விழுக்காடு அதிகம் என்று கண்டது. குறிப்பாக முதல் சில ஆண்டுகள் கடினமானவை என்றும் அது காட்டியது. எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. ஆனால் ஒருவரிடம் ஒருவர் பேசுவது, சாவி எங்கே, பால் தீர்ந்துவிட்டது என்ற அளவில் சுருங்கிப் போயிருந்தது. அதை இருவருமே உணர்ந்தோம். வேறு ஊர் பார்க்கலாம் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான். அதற்காக அவருக்கு என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. ரயில் பாதையின் வரைபடத்தை வைத்துக்கொண்டு 9 ஊர்களை எழுதினோம். வண்டி மாறாமல் நகரத்துக்கு வரக்கூடியவை என்று பார்த்ததில் 5 மிஞ்சின. நடுப்பகலில் அரை மணிக்கு ஒன்றாவது ஓட வேண்டும் என்று பார்த்ததில் 3 மிஞ்சின. அந்த மூன்றுக்கும் வேலை நாளின் காலை 6:30-க்கே போய் நடைமேடையில் நின்றோம். அங்கே நிற்காமல் தெரிந்துகொள்ள முடியாதது ஒன்று உண்டு: ரயில் அந்த நிலையத்துக்கு வரும்போதே நிரம்பி வருகிறதா, இடம் இருக்கிறதா என்பது. ஓர் ஊர் நகரத்துக்கு 15 நிமிடம் நெருக்கமாக இருந்தும், அங்கே ஏறுபவர்கள் யாருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. இரண்டு பேர் ஏறவே முடியாமல் அடுத்த ரயிலுக்காக நின்றுவிட்டார்கள். பாதை தொடங்கும் நிலையத்துக்கு அருகில் இருந்த இன்னோர் ஊரில், தொலைவு கூடுதலாக இருந்தும் அனைவரும் உட்கார்ந்து போனார்கள். சிலர் தூங்கினார்கள், ஒரு பெண்மணி மாணவர்களின் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டே வந்தார். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் டெக்சஸில் 909 வேலை செய்யும் பெண்களிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளின் செயல்களிலேயே மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்தது வேலைக்குப் போகும் பயணம்தான் என்று தெரியவந்தது. அலுவலக வேலையேகூட அதைவிட மேலாக இருந்தது. அந்தப் பயணத்தில் உட்கார ஓர் இடம் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. 50 நிமிடம் உட்கார்ந்து போவதும் 35 நிமிடம் ஒற்றைக் காலில் நின்று போவதும் நம் முன் இருந்தால், நான் உட்காரவே விரும்புவேன்.

நடைமேடையில் நிற்பவர்களிடம் நான் கேட்ட ஒரே கேள்வி: “கடைசியாக ரயில் நின்றுபோன அன்று எப்படி வீடு வந்து சேர்ந்தீர்கள்?” ஓர் ஊரில் பதிலே வரவில்லை, காத்துக்கொண்டே இருந்தோம் என்றார்கள். இப்போது நாங்கள் இருக்கும் ஊரில், நெடுஞ்சாலை வரை பேருந்து, அங்கிருந்து பகிர்வு வண்டி என்று மூவர் ஒரே பதிலைச் சொன்னார்கள். இரண்டாவது வழி உள்ள ஊர் என்று அன்றே குறித்துக்கொண்டேன்.

வீடு பார்க்கும்போது இரவு 8 மணிக்கு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நிலையத்திலிருந்து வீடு வரை நடந்தோம். விளக்கு எரியாத இடம், நடைபாதை முடிந்துபோகும் இடம், நாய்கள் கூடும் முனை எல்லாம் அந்த நடையில்தான் தெரியும். மூன்று ஊர்களில் ஒன்றை நாங்கள் கைவிட்டது அப்படி நடந்தபோது ஒரு தெருவில் கண்ட காட்சியால். வரிசையாக எல்லா வீடுகளின் சுவரிலும் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தது. மேலே பழைய நிறம், கீழே புதிய நிறம், நடுவில் எல்லா வீடுகளுக்கும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு. தண்ணீர் அந்த அளவுக்கு ஏறி நின்றிருக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் கேட்டபோது இந்தப் பகுதியில் மழையால் எந்தத் தொல்லையும் இல்லை என்றார். அந்த ஊரின் வாடகை மற்ற இரண்டையும்விடக் குறைவு. ஏன் என்பதைச் சுவரே சொல்லிவிட்டது.

பள்ளிகளைப் பற்றி ஒரு சிறிய சோதனை. பள்ளி நல்லதா என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிரிவுகள், எட்டாம் வகுப்பில் எத்தனை பிரிவுகள் என்று கேளுங்கள். கீழே 3 பிரிவுகளும் மேலே ஒன்றும் மட்டும் இருந்தால், பிள்ளைகள் வளரும்போது குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகின்றன, அல்லது பிள்ளைகளைத் தொலைவில் உள்ள பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று பொருள். உங்களுக்கும் சில ஆண்டுகளில் அதே நிலை வரும். எங்கள் முதல் ஊர் அப்படிப்பட்டதுதான். மகளின் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து தோழிகள் பிரிந்து போனார்கள். மருத்துவரைப் பற்றியும் இதேபோல், இரவில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் எங்கே போவீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் போதும்.

புதிய ரயில் பாதை வரப்போகிறது, மேம்பாலம் வரப்போகிறது என்ற பேச்சை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வராத பாதையின் மதிப்பை இன்றைய வாடகையிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பாதை வரும்போது பிள்ளைகள் பள்ளியை முடித்திருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஏற்பாட்டையும் அப்படித்தான் நினைக்கிறேன். என் அலுவலகத்தில் வாரம் 3 நாள் என்று இருந்தது ஒரே சுற்றறிக்கையில் 1 நாளாகிவிட்டது. வாரத்தின் எல்லா வேலை நாட்களும் போக நேர்ந்தால் தாங்க முடியுமா என்று கணக்கிட்டுவிட்டு, அதற்குக் குறைவாகப் போவதை வரவாக எடுத்துக்கொள்வதே நல்லது. வாங்கும் வசதி இருந்தாலும் முதலில் ஒரு முழுப் பள்ளி ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பேன். வாடகை வீட்டில் இருந்ததால்தான் 19 மாதங்களில் எங்களால் வெளியேற முடிந்தது. அந்த ஊரிலேயே கடன் வாங்கி வீடு கட்டிய எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், எங்களைப் போலவே களைத்திருந்தும், விற்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இருந்தார்.

இப்போதைய ஊரில் எங்களுக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. வாடகை வருமானத்தில் 29 விழுக்காடு, முதல் ஊரைவிட அதிகம். ஓர் அறை குறைவு. மகளின் படிப்பு மேசை நடைவழியில்தான் இருக்கிறது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் சற்று நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும். ஆனால் நிலையம் 7 நிமிட நடையில் இருப்பதால் வண்டியை விற்றுவிட்டோம். பயணச் செலவு 8 விழுக்காடாக இறங்கியது. காப்பகத்துக்குக் கூடுதல் பணம் இல்லை. கூட்டிப் பார்த்தால் 37. வாடகை கூடியும் மொத்தம் குறைந்திருக்கிறது. என் மாமியார் வந்து தங்கும்போது, முதல் ஊரில் யாராவது அழைத்துப் போனால்தான் வெளியே வருவார். இங்கே நூலகத்துக்கும் பூங்காவுக்கும் தாமாகவே நடந்து போய்வருகிறார், பேரனையும் கூடவே அழைத்துப் போகிறார்.

ரயில்வே கால அட்டவணையை மாற்றும்போதெல்லாம் அந்தப் பழைய குறிப்பேட்டை எடுத்து மறுபடியும் 10 நாட்கள் எழுதுகிறேன். இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்தில் கதவிலிருந்து நாற்காலி வரை 61 நிமிடம். மோசமான நாளில் 85. அதற்கடுத்த ஆண்டு 58. சென்ற முறை 66 ஆகியிருந்தது, ஏனென்றால் நான் ஏறும் ரயில் இப்போது இடையில் இன்னும் 2 நிலையங்களில் நிற்கிறது. கணவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 6:50 ரயிலுக்குப் பதிலாக 6:35-க்கு ஏறினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்த ரயிலில் அடுத்த வாரம் முதல் 10 நாட்கள் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மகன் குறிப்பேட்டில் கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்து தந்திருக்கிறான்.